இருநூற்றுப் பதினெட்டு மஞ்சள் கோடுகள்

பெண் பார்த்து, பெண்ணைப் பிடித்து, நிச்சயத்துக்கு நாளும் குறித்துவிட்டுப் போன பிறகு, என் வருங்கால மாமியார் இன்னொரு முறை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். இந்த முறை என்னைப் பார்க்க அல்ல, என் பியானோவைப் பார்க்க.

சேதியை எபினேசர்தான் போனில் சொன்னார். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர், நல்ல மனிதர். அம்மா பேச்சு வந்தால் மட்டும் குரல் ஒரு படி இறங்கிவிடும்.

"எஸ்லின், நம்ம கிருஷ்ணகிரி வீட்டு ஹால்ல காலியா இருக்கறது ஒரே ஒரு சுவருதான். அம்மா அங்க புது பீரோ வெக்கலாம்னு இருக்காங்க. உன் பெட்டி ஒழுங்கா பாடுச்சுன்னா அதுக்கு விட்டுத் தரேன்றாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வந்து அவங்களே பாப்பாங்களாம்."

"பாடலைன்னா?"

"ஓடாத கடியாரத்த வீட்ல மாட்ட மாட்டேன், பாடாத பெட்டியையும் வெக்க மாட்டேன்னாங்க."

அவர் அம்மா சரோஜம்மாள் இங்கே எங்கள் ஓசூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் கடைசிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அதனால் அந்தப் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. தப்பு பியானோவில்தான் இருந்தது.

அது பெங்களூரில் மூடிப்போன ஒரு ஹாஸ்டலில் கிடந்த பழைய பியானோ. நாலு வருடத்துக்கு முன்னால் என் போனஸில் வாங்கி, அத்திப்பள்ளி வழியாக டெம்போவில் ஏற்றி வந்தேன். ஹாஸ்டலில் படித்தபோது ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்த வாசிப்பு கையில் மிச்சம் இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் இரும்புச் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்த நேரம். அது இல்லாவிட்டால் நான் மனுஷியாகவே இருக்க மாட்டேன், எரிந்து விழுவேன். இப்போதும் எரிந்து விழுகிறேன் என்று அப்பா சொல்வார், அது வேறு.

இந்த மார்கழி வறட்சியில் பியானோவின் சுருதி நிற்காமல் போனது. வீணைக்குப் பிருடை மாதிரி பியானோவில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு இரும்பு ஆணி உண்டு. கம்பியைச் சுற்றிக்கொண்டு, பின்னால் இருக்கும் தடித்த மரக்கட்டைக்குள் அது இறுகி நிற்க வேண்டும். மரம் காய்ந்து துளை பெரிதானால் கம்பியின் இழுப்புக்கு ஆணி பின்வாங்கும், சுருதி இறங்கும். காலையில் சரி செய்தால் சாயங்காலத்துக்குள் நாய் ஊளை விடுகிற மாதிரி கேட்கும். என்னுடையதில் இருநூற்றுப் பதினெட்டு ஆணிகள். பெங்களூர் டியூனர் பார்த்துவிட்டு, கட்டையையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். அதற்கு இன்னொரு பியானோ வாங்கலாம். சும்மா விட்டுவிடவும் முடியாது. கல்யாணம் முடிந்ததும் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா சிங்காரப்பேட்டையில் பெரியப்பா வீட்டு மாடிக்குப் போகிறார். அந்த மாடிப்படியில் பியானோ ஏறாது. பழைய சாமான் வியாபாரி ஒருவன் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டு, "குடலை எடுத்துட்டா நல்ல பாட்டில் ஷெல்ஃப் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனை வாசல் வரைக்கும் விரட்டினேன்.

ஆக, கிருஷ்ணகிரி சுவர் கிடைத்தால் பியானோ பிழைக்கும். இல்லாவிட்டால் பாட்டில் ஷெல்ஃப்.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் என் வேலையே அதுதான். வண்டிக்கான பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் டார்க் இன்ஸ்பெக்டர். எந்த போல்ட் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று அளந்து பார்ப்பவள். அளந்து முடித்ததும் போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம். போல்ட் மயிரிழை நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் லைனில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்று உண்டு. பிரிந்த கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போடுவது. போன ஜூனில் ஒருவன் அப்படிச் செய்ததைப் பார்த்து நாற்பது நிமிடம் லைனை நிறுத்தினேன். அன்றிலிருந்து கேன்டீனில் என் பெயர் மஞ்சக்கோடு.

இப்படிப்பட்ட எனக்கு ஒரு கழன்ற ஆணி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் திமிரில்தான் அந்த முட்டாள்தனம் நடந்தது.

திங்கட்கிழமை ஏ ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தேன். கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட, இறுக்கம் அளக்கும் ஒரு பழைய டார்க் ரெஞ்சை கேட் பாஸ் போட்டு வாங்கி வந்திருந்தேன். ஆணித் தலைக்குப் பொருந்த ஒரு சாக்கெட்டை ராவிச் செய்தேன். அளந்தால், எட்டு நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. போல்ட் கழலாமல் இருக்க நாங்கள் ஊற்றும் நீல நிறப் பசை ஒன்று உண்டு. அதை ஊற்றினால் லாரி ஏறினாலும் போல்ட் அசையாது. கனத்த கம்பிகள் இருக்கும் இடது பக்கத்திலிருந்து தொடங்கி, இருபத்துநாலு ஆணிகளுக்கு ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தது. பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அளந்து பார்த்தால் முக்கால். இரண்டாக இருந்தது முக்கால் ஆகிவிட்டது. ஒரு ஆணியை விரலால் திருகினேன், வெண்ணெயில் செருகிய மாதிரி திரும்பியது. வெளியே எடுத்தால் பசை ஊற்றியபடியே ஈரமாகப் பளபளத்தது. அப்போதுதான் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தேன். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே, காற்று புகாத இடத்தில் மட்டும் இறுகும். மரத்தில் இறுகாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த லேபிளை நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். எனக்கு வந்த கோபத்தில் பியானோவைத் திட்டினேன், பாட்டிலைத் திட்டினேன், ஹாஸ்டலைத் திட்டினேன். கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு திம்மராயன் அண்ணன் எட்டிப் பார்த்தார். கெலமங்கலத்துப் பக்கம் ஊர். கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. தமிழில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் போய் முடியும்.

"யாரை பாப்பா இப்டி திட்டிகினு கீற?"

"என்னையத்தான் அண்ணா."

நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து, ஆணிக்கும் துளைக்கும் நடுவே இருந்த இடைவெளியை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது நூல் விரிசலு. நம்ம சிலாப்ல தினம் வர்றதுதான். கண்ணுக்கே தெரியாது, தட்டுனா ரெண்டாப் பூடும். அதுக்குக் கெட்டிப் பசை ஊத்தக்கூடாது, மேலயே நின்னுக்கும். தண்ணி மாதிரி ஒரு க்விக் பசை கீது. ஒரு சொட்டு வுட்டா விரிசலே உறிஞ்சிக்கும். கல்லு உறிஞ்சும்போது மரம் உறிஞ்சாதா?"

"கட்டை செவுரு மாதிரி நிமிந்து நிக்கிதே அண்ணா. ஊத்தினா வழிஞ்சிடுமே."

"சிலாப்ப நிக்க வெச்சா பசை போடுவாங்க? படுக்கப் போடணும்."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பியானோவைப் படுக்கப் போடுவது. பெங்களூர் டியூனர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஆனா நீலப் பசை ஊத்தினது இருக்குதே, இருபத்துநாலு?"

"அத நீதான் தொடைக்கணும். நீ ஊத்துனதுதானே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பர்வாகில்லா பிடும்மா, ஆகும்," என்று பாதிக் கன்னடத்தில் தேற்றினார்.

அன்று சாயங்காலமே அந்த இருபத்துநாலு கம்பிகளையும் தளர்த்தி, ஆணிகளைப் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் அசிட்டோனில் கழுவினேன். காது குடையும் பஞ்சுக் குச்சிகளால் துளைகளைத் துடைத்தேன். வெள்ளைப் பஞ்சு நீலமாக வந்தது, பிறகு இளநீலம், பிறகு பழுப்பு. இரண்டு பாக்கெட் குச்சி தீர்ந்த பிறகு பஞ்சு வெள்ளையாகவே வெளியே வந்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு திம்மராயன் அண்ணன் பட்டறையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார். கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்த அப்பா ஆரோக்கியநாதன் யூனிஃபார்மோடு நின்றார். ஹாலில் இரண்டு மெத்தை விரித்தோம். தினமும் கல் பலகை தூக்கும் கைகள். அண்ணன் கன்னடத்தில் ஒரு சொல் சொன்னதும், தூங்கும் குழந்தையைச் சாய்க்கிற மாதிரி அதைப் பின்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். அப்பா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார்.

ஜன்னல்களைத் திறந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அண்ணன் சொன்ன, மெல்லிய மூக்கு வைத்த க்விக் பசை பாட்டிலைக் கையில் எடுத்தேன். முதல் ஆணியின் அடியில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு ஒரு கணம் நின்றது. பிறகு காணவில்லை.

"குடிச்சிடிச்சு," என்றார் திம்மராயன் அண்ணன்.

இன்னொரு சொட்டு. அதையும் குடித்தது. நாலாவது சொட்டு மேலேயே நின்றது, போதும் என்று அர்த்தம். இப்படி நூற்றுத் தொண்ணூற்று நாலு ஆணிகள். கண் எரிந்தது, முதுகு ஒடிந்தது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அப்பா நடுநடுவே டீயை வாயருகே நீட்டினார். ஒவ்வொரு துளையாக அந்தக் காய்ந்த மரம் உறிஞ்ச உறிஞ்ச எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் எழுதும்போது எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தால் கை பரபரக்குமே, அந்தப் பரபரப்பு.

காலியாக இருந்த இருபத்துநாலு துளைகளுக்கு எமரித் தாள்தான் வழி. இரும்பைத் தேய்க்கும் தாளைச் சின்னச் சின்னப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பு மரத்தைப் பார்க்கிற மாதிரி துளைக்குள் வைத்து, ஆணியை உள்ளே சுத்தியலால் இறக்கினேன். மரத்தைச் சொரசொரப்பு கவ்வும், ஆணிக்கு இடம் குறுகும். அவ்வளவுதான் விஷயம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பியானோவை நிமிர்த்தினார்கள். டார்க் ரெஞ்சை எடுத்தேன். முதல் ஆணியில் மாட்டி மெதுவாக இழுத்தேன். முள் இரண்டைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. ஆறு. ஏழரையில்தான் ஆணி அசைந்தது.

"எவ்ளோம்மா?" என்றார் அப்பா.

ஏழு விரலைக் காட்டினேன். அடுத்தது எட்டு. அதற்கடுத்தது எட்டரை. நான் ஒவ்வொரு அளவையும் கத்திச் சொல்ல, அப்பா அரிசி மூட்டை எண்ணுகிறவர் மாதிரி திருப்பிச் சொன்னார். எமரி வைத்ததும் எட்டுக்குக் குறையவில்லை. திம்மராயன் அண்ணன் கதவில் சாய்ந்து, இது எல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்கிற மாதிரி பாக்கு மென்றார்.

வெள்ளியும் சனியும் போனில் இருக்கும் சுருதிக் கருவியை வைத்து மூன்று முறை டியூன் செய்தேன். புதிதாக இழுத்த கம்பி நீளும், அதனால் சுருதி கொஞ்சம் இறங்கும், அது நோய் இல்லை. ஆணி நகர்ந்தால்தான் நோய். இரண்டையும் பிரித்துக் காட்ட என்னிடம் ஒரு வழி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி டியூனிங் முடிந்ததும் மஞ்சள் பேனாவை எடுத்து, ஒவ்வொரு ஆணியிலிருந்தும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புத் தகடு வரைக்கும் ஒரு கோடு போட்டேன். இருநூற்றுப் பதினெட்டு கோடுகள். பிறகு வாசித்தேன். வீதியில் போனவர்கள் நின்றார்கள். அப்பா அழுதார், நானும்தான்.

ஞாயிறு காலை சர்ச்சிலிருந்து பத்தரைக்குத் திரும்பினோம். மூடியைத் திறந்து விரலை ஓட்டினேன். எல்லாம் சரி, நடுவில் ஒரு ஸ்வரத்தைத் தவிர. அது கோணலாகக் கேட்டது. அந்த ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள், மூன்று ஆணிகள். குனிந்து பார்த்தேன். நடு ஆணியின் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. வியாழக்கிழமை ரெஞ்சுக்கும் தெரியாமல் தப்பிய, பசை சரியாக இறங்காத ஒரே ஆணி.

அதைப் பிடுங்கி எமரி வைக்க அரை மணி நேரம் வேண்டும். எபினேசர் போனில், சூளகிரி தாண்டிவிட்டோம் என்றார்.

அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அந்தக் கம்பிய மட்டும் சத்தம் வராம எதாவது சொருகிடு. மத்த ரெண்டு பாடும்ல. கோட்ட அழிச்சிட்டு வேற போட்டுடு எஸ்லி. யாருக்குத் தெரியப் போவுது?"

கையில் மஞ்சள் பேனா இருந்தது. அசிட்டோன் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு எவ்வளவு ஆசை வந்தது என்று சொன்னால் கேன்டீனில் யாரும் நம்ப மாட்டார்கள். சுவரை நினைத்தேன். பாட்டில் ஷெல்ஃபை நினைத்தேன். நாற்பது நிமிடம் நான் லைனை நிறுத்தியபோது தலை குனிந்து நின்ற பையனின் முகத்தையும் நினைத்தேன்.

"அப்பா, அந்த ஒரு வேலைய மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. பையிலிருந்து கம்பெனியின் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, நூலில் கோத்து அந்த ஆணியில் கட்டினேன். எங்கள் லைனில் சிவப்பு அட்டை என்றால் பழுது, நிறுத்தி வை என்று அர்த்தம்.

பதினோரு மணிக்கு சரோஜம்மாள் வந்தார். நீலச் சேலை, ஒற்றைச் சங்கிலி, பெரிய கைப்பை. பின்னால் எபினேசர் ஸ்வீட் பாக்ஸோடு. அப்பா போட்ட பஜ்ஜியைத் தட்டோடு ஓரமாக நகர்த்திவிட்டு, "பெட்டி எங்க?" என்றார்.

நான் வாசிப்பதற்காக ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"வாசிக்கறத அப்பறம் பாக்கலாம். முன்னாடி திறந்து காட்டுமா."

மேல் பலகையைக் கழற்றினேன். இருநூற்றுப் பதினெட்டு மஞ்சள் கோடுகளும் ஒரு சிவப்பு அட்டையும் வெளிச்சத்தில் நின்றன. சரோஜம்மாள் கிட்டே வந்து குனிந்தார். கைப்பையைத் திறந்து, கடிகாரக்காரர்கள் கண்ணில் பொருத்திக்கொள்ளும் சின்ன பூதக்கண்ணாடியை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார் போலிருக்கிறது. இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கோடாகப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. பஜ்ஜி ஆறியது. எபினேசர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்து சிவப்பு அட்டையின் முன் நின்றார்.

"கோடு எப்பப் போட்ட?"

"நேத்து சாயங்காலம் அத்தை."

"இது எப்பப் பிரிஞ்சது?"

"ராத்திரியில இருக்கும். காலையில சர்ச்சுக்குப் போய்ட்டு வந்துதான் பாத்தேன்."

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"பேனா எங்க இருந்துச்சு?"

"கையிலதான் அத்தை."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. என்னை முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"இருவத்தெட்டு வருஷத்துல நூத்துக்கு நூறு சரின்னு ஒரு கடியாரத் தட்டு வந்தா, அந்தத் தட்டத்தான் நான் ரெண்டு வாட்டி பாப்பேன்," என்றார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "என்ன வெச்சு அடைக்கற?"

"எமரித் தாள் அத்தை. பட்டையா வெட்டி."

"கொண்டா. கத்திரியும் கொண்டா. எபி, அந்த லைட்டப் பிடி."

நான் கம்பியைத் தளர்த்தி ஆணியை எடுத்தேன். அவர் எமரித் தாளை வெட்டினார். முழு நீளத்துக்கும் ஒரே அகலம், ஓரம் ஒரு இடத்திலும் கோணவில்லை. துளைக்குள் அவரே நுழைத்தார், நான் சுத்தியலால் இறக்கினேன். ரெஞ்ச் எட்டேகால் காட்டியது. கம்பியைச் சுற்றி, இழுத்து, சுருதி சேர்த்தேன். மூன்று கம்பிகளும் ஒரே குரலாகக் கேட்டதும் அப்பா சமையலறை வாசலில் நின்று கை தட்டினார். திம்மராயன் அண்ணன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. ஆறிப்போன பஜ்ஜியை அவர்தான் தின்றுகொண்டிருந்தார்.

சிவப்பு அட்டையை அவிழ்த்தேன். கோடு போடப் பேனாவை எடுத்தபோது சரோஜம்மாள் கை நீட்டினார்.

"இங்க குடு."

பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் வைத்து, மூச்சைப் பிடித்து, இருநூற்றுப் பதினெட்டாவது கோட்டை அவர் போட்டார்.

"வர்ற மாசம் நம்ம ஹால்ல வெச்சுப் பாப்பேன்," என்றார், பேனாவை மூடிக்கொண்டே. "அப்ப இது நகந்திருந்துச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

எபினேசர் ஸ்வீட் பாக்ஸைத் திறந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன், பாதிக் கண் அந்தக் கோட்டின் மேலேயே இருந்தது. என் இருநூற்றுப் பதினேழையும்விட அது நேராக இருந்தது.